நெல்லைச் சீமையில் போட்டோ பழகுவது: முதல் ஷாட்டிலிருந்து பிரிண்ட் வரை

மாலைப் பொன் வெளிச்சம் ஒரு மணி நேரம் இருக்கும் என்று போட்டோகிராபி வீடியோக்களில் சொல்வார்கள். நம்ம ஊரில் அது 25 நிமிடம்தான். ஐரோப்பாவில் சூரியன் சரிந்து சரிந்து மெதுவாக இறங்கும். திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8.7 பாகையில் இருப்பதால் இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேராகவே கீழே விழுகிறது. மணிக்கு 15 பாகை என்ற கணக்கில், அடிவானத்துக்கு 6 பாகை மேலே இருக்கிற சூரியன் மறைய 24 நிமிடம் போதும். அம்பாசமுத்திரம், பாபநாசம், குற்றாலம் பக்கம் போனால் அதுகூடக் கிடைக்காது. மேற்கே மலை நிற்பதால் காலண்டரில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்பே வெயில் மறைந்துவிடும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. நமக்குக் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் வேறு ஊர் வெளிச்சத்தில், வேறு தோல் நிறத்துக்காகச் செய்யப்பட்டவை. கேமரா எல்லா ஊரிலும் ஒன்றுதான், வெளிச்சம் அப்படியில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டே போட்டோ பழகுகிற தம்பி தங்கச்சிகளுக்காக, நான் பழகிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: கேமரா

புதுசு வாங்கக் கடன் வாங்க வேண்டாம். பத்து வருஷத்துக்கு முந்தைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும், அதோடு வரும் 18-55 லென்ஸும் போதும். அப்புறம் கொஞ்சம் காசு சேர்ந்தால் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். சென்சார் என்பது படத்தைப் பதிகிற சில்லு. சின்ன சென்சார் கேமராவில் இந்த லென்ஸ் 75 அல்லது 80 எம்எம் போல நடந்துகொள்ளும், முகம் எடுக்க அருமையாக இருக்கும்.

பழைய கேமராவில் மூன்றைப் பாருங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்து, சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். எஃப் 16 வைத்து வெறும் வானத்தைப் படம் எடுத்தால் சென்சாரில் இருக்கும் தூசி கரும்புள்ளியாகத் தெரியும். ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவே இல்லையென்றால் போனில் புரோ மோடும் (எல்லாவற்றையும் நாமே அமைக்கும் வசதி) ரா ஃபைலும் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) இருந்தால் அதிலேயே தொடங்கலாம்.

இரண்டாம் படி: ஒரே படித்துறை, 36 படம், ஒரு நோட்டு

முதல் மாதம் முழுக்க ஒரே இடத்துக்குப் போங்கள். நான் குறுக்குத்துறைக்குப் போனேன். தாமிரபரணிக்கு நடுவில் முருகன் கோயில், கரையோரம் கல் மண்டபங்கள், ஓடுகிற தண்ணீர், துணி அலசுகிறவர்கள், படியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற தாத்தாக்கள் என்று எல்லாமே அங்கே இருக்கிறது. உங்கள் ஊரில் குளமோ ரயில்வே ஸ்டேஷனோ சந்தையோ எதுவானாலும் சரி. நம் பக்கம் வருஷம் முழுக்கச் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6 மணிக்கும் 6.40-க்கும் இடையில்தான். அதற்கு அரை மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள்.

ஜூம் லென்ஸை 35 எம்எம்மில் வைத்து, நகராதபடி டேப் ஒட்டிவிடுங்கள். பெரிதாக வேண்டுமென்றால் பக்கத்தில் நடந்து போங்கள். அந்தக் காலத்து ஃபிலிம் ரோலில் 36 படம்தான் இருக்கும். நீங்களும் இந்த மாதம் ஒரு நாளைக்கு 36-க்கு மேல் எடுக்காதீர்கள். இருபதாவது படத்துக்கு அப்புறம் கை தானாகத் தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் கண் வேலை செய்யத் தொடங்குகிறது.

கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் எனக்கு முக்கியமானது இதுதான். ஒவ்வொரு நல்ல படத்துக்கும் அங்கேயே நின்று நாலு வரி எழுதுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது? நிழலின் ஓரம் கத்தி மாதிரி இருந்ததா, கரைந்து இருந்ததா? தண்ணீர் பச்சையா, சாம்பலா, பித்தளை நிறமா? எதிரில் நின்றவர் முகம் எவ்வளவு கருப்பு, அதில் எங்கே மினுங்கியது?

ஏன் இவ்வளவு சிரமம் என்று தோன்றும். ராத்திரி எடிட்டிங்கில் உட்காரும்போது காலையில் பார்த்தது மறந்து போயிருக்கும். திரையில் எது பளிச்சென்று இருக்கிறதோ அதுதான் சரி என்று கண் நம்பிவிடும். ஸ்லைடரை எங்கே நிறுத்துவது என்று சொல்ல அந்த நோட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

மூன்றாம் படி: வெளிச்சத்தை அளப்பது

அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம், அதை எஃப் எண்ணால் சொல்வோம்), ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம், வினாடியில்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டும் என்ற அளவு) மூன்றும் ஒரே தண்ணீரைத் திறந்துவிடும் மூன்று மடைகள். எஃப் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று ஒவ்வொரு எண் ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகும். ஷட்டர் 1/125-லிருந்து 1/250-க்குப் போனாலும் பாதி. ஐஎஸ்ஓ 100-லிருந்து 200-க்குப் போனால் இரட்டிப்பு. இப்படிப் பாதியாவதையோ இரட்டிப்பாவதையோ ஒரு ஸ்டாப் என்பார்கள். ஒரு மடையைப் பாதி மூடினால் இன்னொன்றை அதே அளவு திறக்க வேண்டும், கணக்கு அவ்வளவுதான்.

மேகமில்லாத வெயிலில் மனதில் வைத்துக்கொள்ள ஒரு பழைய சூத்திரம் உண்டு: எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125. எஃப் 8 வேண்டுமென்றால் ஷட்டரை 1/500 ஆக்குங்கள். ஒரு வாரம் மேனுவல் மோடில் வைத்து, கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டரைப் பார்க்காமல் இதை வைத்தே எடுத்துப் பழகுங்கள்.

மீட்டர் எங்கே ஏமாறும் என்பதை நம் ஊரில் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றுதான் அது நினைக்கும். வெள்ளை வேட்டி கட்டிய பத்துப் பேர் மண்டபத்து வாசலில் நின்றால், இவ்வளவு வெளிச்சமா என்று பயந்து படத்தை இருட்டாக்கிவிடும். அங்கே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள். கருங்கல் தூணை நிறைய வைத்து எடுத்தால் கல்லைச் சாம்பலாக வெளுக்கும். அங்கே ஒரு ஸ்டாப் இறக்குங்கள். கருத்த முகத்துக்குப் பின்னால் வெள்ளை வானம் இருந்தால் முகம் வெறும் நிழலாகப் போய்விடும். ஸ்பாட் மீட்டரிங் (சின்ன இடத்தை மட்டும் அளக்கும் முறை) வைத்து முகத்தில் அளந்து, வானம் போனால் போகட்டும் என்று விடுங்கள். முடிந்தால் அவரை நாலடி தள்ளி மரத்தடிக்கு வரச் சொல்லுங்கள். அது இன்னும் நல்லது.

படம் எடுத்ததும் கேமராத் திரையை நம்பாமல் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இருட்டை இடது பக்கமும் வெளிச்சத்தை வலது பக்கமும் காட்டுகிற வரைபடம் அது. வலது சுவரில் முட்டி நின்றால் வேட்டியின் மடிப்பும் சேலையின் ஜரிகையும் எரிந்து போய்விட்டது என்று அர்த்தம். எரிந்ததை எடிட்டிங்கில் மீட்க முடியாது. நிழலில் இருப்பதை ஓரளவு மீட்கலாம்.

ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் நம் தலைக்கு நேர் மேலே வரும். அந்த நாட்களில் 11 மணிக்கு மேல் யார் முகத்தை எடுத்தாலும் கண் இரண்டும் குழியாக, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல் விழும். அந்த நேரத்தில் திண்ணை, ஓட்டு வீட்டுத் தாழ்வாரம், வேப்ப மரத்தடி தேடுங்கள். முற்றத்துச் சிமெண்டில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் முகத்துக்கு அவ்வளவு அழகாக இருக்கும்.

நான்காம் படி: ஃபோகஸும் கை நடுக்கமும்

முகம் என்றால் நமக்குக் கிட்டே இருக்கிற கண்ணில் ஃபோகஸ். சென்சார் சின்னது என்பதால் 50 எம்எம் லென்ஸுக்கு ஷட்டர் 1/100-க்குக் கீழே போக வேண்டாம். நகருகிற எதற்கும் தொடர் ஃபோகஸ் மோடு. படம் கொஞ்சம் குருணையாக இருந்தாலும் பரவாயில்லை, ஷேக் ஆன படத்தை யாரும் சரி செய்ய முடியாது. ஐஎஸ்ஓவை ஏற்றப் பயப்படாதீர்கள்.

ஐந்தாம் படி: ஊரே பள்ளிக்கூடம்

இரண்டாம் மாதத்திலிருந்து வாரம் ஓர் இடம், அதில் ஒரு பாடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிற வீடுகளில் ஜன்னல் வெளிச்சம் கற்றுக்கொள்ளுங்கள். உள்ளே இருட்டாக இருக்கிறதே என்று ஃபிளாஷ் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும். நெய்கிறவருக்குப் பக்கவாட்டில் ஜன்னல் இருக்கும்படி நின்று, எஃப் 2.8, 1/125, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்குங்கள். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் அவ்வளவு திறக்காது, எஃப் 4 வைத்தால் ஐஎஸ்ஓ 3200. முகம், கை, பாவில் ஓடுகிற கோரை என்று மூன்றையும் தனித்தனியாக எடுத்த பிறகு, மூன்றும் வருகிற ஒரு படத்துக்குக் காத்திருங்கள். நான் முதல் தடவை போனபோது ஒரு மணி நேரம் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. அவர்கள் என்னை மறந்த பிறகு எடுத்தது நாலே படம், அதில் இரண்டு இன்னும் என் சுவரில் இருக்கிறது.

கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களில் பக்க வெளிச்சம். வெளிச்சம் நேராக விழுந்தால் கல் வெறும் கல்தான். சாய்வாக விழும்போதுதான் நகமும் நரம்பும் எழுந்து வரும். ஒரே சிற்பத்தைக் காலையிலும் சாயங்காலமும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கூந்தன்குளத்தில் வேகம். நாங்குநேரிப் பக்கம் இருக்கிற இந்த ஊரில் கூழைக்கடாவும் நாரைகளும் தெருமரங்களிலேயே கூடு கட்டும். குளத்தில் பூநாரை இறங்கும். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிற ஊர் அது. அந்த மரியாதையை நாமும் காப்பாற்ற வேண்டும். கல் எறிந்து பறக்கவைத்துப் படம் எடுப்பது பாவம். காலை வெயிலில் 1/1600, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 400 வைத்து, ஒரே மரத்தைப் பார்த்து உட்காருங்கள். இறங்க வருகிற பறவை காற்றை எதிர்த்துத்தான் வரும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடித்தால் அது உங்களைப் பார்த்து வரும்.

குற்றாலத்தில் சாரல் காலத்து மூட்டமே நல்லது. எஃப் 16, ஐஎஸ்ஓ 100, போலரைசர் ஃபில்டர் (லென்ஸ் முன்னால் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) போட்டால் ஷட்டர் 1/4 வினாடி வரை இறங்கும், தண்ணீர் பட்டுத்துணி மாதிரி விழும். ட்ரைபாட் வேண்டும். ஈரத்தில் இருந்து வந்ததும் கேமராவைப் பையிலேயே பூட்டி வைக்காதீர்கள். துடைத்து, ஃபேன் காற்றில் வைத்து, பிறகு சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். லென்ஸில் பூஞ்சை பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான். உவரி கடற்கரைக்குப் போய் வந்தால் உப்புக்காக லேசான ஈரத்துணியால் ஒரு துடைப்பு.

ஆனி மாதம் நெல்லையப்பர் கோயில் தேரோட்டம். தேரை மட்டும் எடுத்தால் போஸ்ட் கார்டு கிடைக்கும். வடத்தைப் பிடித்த கைகளையும், சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறவர் முகத்தையும் தேடுங்கள். ரத வீதித் திருப்பங்களில் யாராவது ஒரு வீட்டு மாடியில் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேருக்கு முன்னால் போய் நிற்கவே கூடாது.

கல்யாண மண்டபத்தில் ஒரு விஷயம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல எல்இடி விளக்குகளும் ட்யூப் லைட்டும் வினாடிக்கு 100 தடவை விட்டு விட்டு எரியும். ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் கருப்புப் பட்டை பட்டையாக விழும். 1/50 அல்லது 1/100 வைத்தால் போய்விடும்.

ஆறாம் படி: கேட்டு எடுங்கள்

படித்துறையில் குளிக்கிறவர்களை எடுக்காதீர்கள். பெண்கள், குழந்தைகள் என்றால் கேட்காமல் ஒரு படம்கூட வேண்டாம். "அண்ணாச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் நம் ஊரில் பத்தில் எட்டுப் பேர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நிமிர்ந்த படத்தையும் எடுங்கள், பிறகு பேச்சுக் கொடுங்கள், அவர் பழைய வேலைக்குத் திரும்பும்போது அடுத்ததை எடுங்கள். கோயிலுக்குள் அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். மாஞ்சோலை, முண்டந்துறைப் பக்கம் வனத்துறை அனுமதி வேண்டும். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் இருக்கும் பக்கம் கேமராவைத் தூக்கவே வேண்டாம்.

ஏழாம் படி: இரண்டு பிரதி

என் சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்த மெமரி கார்டை, கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன் என்று நினைத்து மறுநாள் ஃபார்மட் செய்துவிட்டேன். பாதிதான் ஏறியிருந்தது. போன பாதியில் ஆச்சி பொண்ணு மாப்பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்ட படம் இருந்தது. அடுத்த வருஷம் ஆச்சி போய்விட்டார்கள். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம் நினைவு வரும்.

ஆகவே வந்ததும் கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று என்று இரண்டு பிரதி. எண்ணிக்கை சரியா என்று பார்த்து, நடுவில் பத்துப் படம் திறந்து பார்த்த பிறகுதான் கார்டைத் தொட வேண்டும். ஃபோல்டருக்குத் தேதியும் ஊரும் பெயராக வையுங்கள்.

எட்டாம் படி: கழிப்பது

எடுத்த அன்றே தேர்வு செய்யாதீர்கள், ஒரு நாள் கழித்து உட்காருங்கள். முதல் சுற்றில் ஷேக் ஆனது, கண் மூடியது போகட்டும். இரண்டாம் சுற்றில் ஒரே மாதிரி ஐந்து இருந்தால் ஒன்று. மூன்றாம் சுற்றில், இது யாருக்கு எதைச் சொல்கிறது என்று கேளுங்கள். 200 படத்தில் 5 தேறினால் நல்ல நாள்.

ஒன்பதாம் படி: எடிட்டிங்

ராவில் எடுத்தீர்களென்றால்தான் இந்தப் படிக்கு அர்த்தம் இருக்கும். ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைதான் வைத்திருக்கும். 14 பிட் ராவில் 16,384. நிழலைத் தூக்கும்போது ஜேபெக் திட்டுத் திட்டாக உடைவது அதனால்தான். லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். டார்க்டேபிள், ராதெரப்பி இரண்டும் இலவசம், போனில் ஸ்னாப்சீட் இலவசம். எதில் செய்தாலும் வரிசை ஒன்றுதான்.

நோட்டைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். ஆற்றின் கோடு சாய்ந்திருந்தால் நேராக்குங்கள், தேவையானால் கிராப் செய்யுங்கள். அடுத்தது ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை எது என்று சொல்லி நிறத்தைச் சரி செய்வது. நிழலில் எடுத்ததென்றால் வேட்டியில் ட்ராப்பரை (வெள்ளையைத் தொட்டுக் காட்டும் கருவி) வைத்தால் நிறம் நேராகிவிடும். சாயங்கால வெயிலில் அதே வேட்டியில் வைத்தால் பொன் நிறம் மொத்தமும் செத்துவிடும். அந்த நேரத்தில் வேட்டி வெள்ளையாக இருக்கவில்லை, நோட்டில் மஞ்சள் என்றுதான் எழுதியிருப்பீர்கள். அந்த மஞ்சளில் நிறுத்துங்கள்.

பிறகு மொத்த எக்ஸ்போஷர். ஹைலைட்டை (பளிச்சென்ற இடங்களை) கொஞ்சம் இறக்கி, நிழலைக் கொஞ்சம் ஏற்றலாம். இரண்டையும் கடைசி வரை இழுத்தால் காலையா மத்தியானமா என்றே தெரியாத படம் வரும். எங்காவது ஓரிடம் முழுக் கருப்பாக இருக்கட்டும், அப்போதுதான் படத்துக்குக் கனம் வரும். பச்சையில் கவனம் வேண்டும். கார் பருவ நெல் நாற்றின் பச்சை வேறு, பிசானப் பருவ நெல் கதிர் வாங்குகிற நேரத்துப் பச்சை வேறு. சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) ஏற்றினால் இரண்டும் ஒரே பிளாஸ்டிக் பச்சையாகிவிடும்.

இனி முகம். இதை மனதாரச் சொல்கிறேன். நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் மாநிறப் பெண்ணை ரோஸ் நிறமாக்கி, கருத்த மாப்பிள்ளையை வெளுத்து, அம்மாவின் முகச் சுருக்கத்தைத் துடைத்துக் கொடுக்கிற பழக்கம் ரொம்ப காலமாக இருக்கிறது. நீங்கள் அதைத் தொடராதீர்கள். திசையன்விளைப் பக்கம் ஒரு பனையேறியைப் பதநீர் காலத்தில் எடுத்தேன். மரத்திலிருந்து இறங்கி வந்தவர் தோள் கருங்காலி மாதிரி இருந்தது, வியர்வையில் காலை வெயில் பட்டு நீல ஓரம் கட்டியிருந்தது. வெளிநாட்டு ப்ரீசெட் (முன்பே யாரோ அமைத்து வைத்த எடிட்டிங் அளவுகள்) ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். தோள் ஆரஞ்சுச் சாம்பலாகி, அந்த நீல ஓரம் காணாமல் போனது. நோட்டில் "நீல மினுக்கம்" என்று எழுதியிருந்ததால் ப்ரீசெட்டை எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். எக்ஸ்போஷரைத் தொடவில்லை. தோள் மேல் மட்டும் மாஸ்க் போட்டு (அந்த இடம் மட்டும் மாறும்படி பிரித்து), மினுக்கம் இருந்த இடத்தைக் கால் ஸ்டாப் தூக்கினேன், ஆரஞ்சு சாச்சுரேஷனைக் கொஞ்சம் குறைத்தேன். பருவோ காயமோ வந்து போகிற ஒன்று, அதை நீக்கலாம். மச்சமும் தழும்பும் சுருக்கமும் அவருடையவை.

கடைசியில் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வைத்து நாய்ஸ் ரிடக்‌ஷனும் (குருணையைக் குறைப்பது) ஷார்ப்னஸும் (ஓரங்களைக் கூர்மையாக்குவது). தோல் மெழுகு மாதிரி ஆகத் தொடங்கினால் திரும்பி வாருங்கள். முடித்துவிட்டு ஒரு டீ குடித்து வந்து பாருங்கள். பாதிக்குப் பாதி தடவை எல்லா ஸ்லைடரையும் கொஞ்சம் குறைக்கத் தோன்றும், குறைத்துவிடுங்கள்.

பத்தாம் படி: ஒரு மாதம் கருப்பு வெள்ளை

1912-இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் காட்டு யானைகளையும் மான்களையும் கருப்பு வெள்ளையில் எடுத்தவர். பல கேமராக்களின் உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா செய்து, அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயரும் வைத்திருந்தார். நம் ஊரில் பிறந்த ஒருவர் அப்படி உழைத்திருக்கிறார் என்பது எனக்கு இன்றைக்கும் தெம்பு தருகிறது. கேமராவில் மோனோக்ரோம் வைத்து, ஃபைலை ராவில் சேமியுங்கள். நிறம் போனதும் வடிவமும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். எந்தப் படம் நிறத்தை மட்டும் நம்பி நின்றது என்று உடனே தெரிந்துவிடும்.

பதினோராம் படி: பிரிண்ட்

12-க்கு 18 இஞ்ச் படத்துக்கு, இஞ்சுக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 3600-க்கு 5400 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா தாராளமாகப் போதும். எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில், ஜேபெக்காக எடுத்துக் கொடுங்கள். திரையில் சரியாக இருந்தது பேப்பரில் இருட்டாக வந்தால் பெரும்பாலும் திரையின் பிரைட்னஸ் அதிகமாக இருந்திருக்கும். அதைப் பாதிக்குக் குறைத்து வைத்து எடிட் செய்யுங்கள். பெரிய பிரிண்டுக்கு முன்னால் 4-க்கு 6 இஞ்சில் ஒன்று போட்டு, கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். முகம் கருத்து வந்திருந்தால் கால் ஸ்டாப் ஏற்றி இன்னொன்று போடச் சொல்லுங்கள்.

சரியாக வந்ததில் இரண்டு பிரதி. ஒன்று உங்களுக்கு. இன்னொன்றின் பின்னால் தேதியையும் ஊரையும் பென்சிலில் எழுதி, கவரில் போட்டு, படத்தில் இருப்பவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.